சாண்ட்பாக்ஸில் சிங்க்திங், மேல் பட்டியில் பச்சை ஐகான்: நீட்சி காட்டுவது யாருடைய நிலவரம்?

■ ஏடுகாப்பான்

வணக்கம். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். ஸ்கேனர் இணைந்துள்ள மேசைக் கணினியில் டெபியன் 13 லினக்ஸ், க்னோம் 48 திரைச்சூழல், வேலண்ட் அமர்வு. அங்கே எடுக்கும் படங்கள், கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் வழியாக என் மடிக்கணினிக்கும் நண்பர் வீட்டுக் கணினிக்கும் போய்ச் சேர வேண்டும்.

டெபியன் களஞ்சியத்தில் கிடைப்பது சிங்க்திங்கின் 1.29 வரிசை. மற்ற இரண்டு கணினிகளும் 2-ஆம் பதிப்புக்குப் போய்விட்டதால், மேசைக் கணினியிலும் அதுவே இருக்கட்டும் என்று சிங்க்திங்கை உள்ளடக்கிய ஒரு ஃபிளாட்பேக் செயலியை (சாண்ட்பாக்ஸ் என்ற தனி அடைப்புக்குள் ஓடும் வகை) ஃபிளாட்ஹப்பிலிருந்து நிறுவினேன். செயலி ஒழுங்காக ஓடுகிறது. உலாவியில் அதன் பக்கம் திறக்கிறது, ஸ்கேன்கள் போகின்றன.

தொல்லை தருவது, மேல் பட்டியில் சிங்க்திங்கின் நிலையைக் காட்டும் க்னோம் நீட்சிதான். ஐகான் பச்சையாக இருக்கிறது. எல்லாக் கோப்புறைகளும் புதுப்பித்த நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் செயலியில் நான் புதிதாகச் சேர்த்த ‘அட்டைப்படங்கள்’ கோப்புறை நீட்சியின் பட்டியலில் இல்லவே இல்லை. நீட்சியிலிருந்து நண்பரின் கணினியை இடைநிறுத்தினால், உலாவிப் பக்கத்தில் அது அசையாமல் இணைந்தே இருக்கிறது. நீட்சியை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. இந்த நீட்சி க்னோம் 48-உடன் ஒத்துப்போகவில்லையா?

■ மின்மினி

ஒத்துப்போகாத நீட்சி என்றால் ஐகானே வந்திருக்காது. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, நீட்சிகள் தமக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளை இறக்கிக்கொள்ளும் முறையையே மாற்றிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்டவை திருத்தாமல் அதில் ஓடா. உங்களுடையது ஓடுகிறது, யாரிடமோ பேசுகிறது, பதிலும் வாங்குகிறது. யாரிடம் என்பதுதான் கேள்வி.

மூன்று தகவல் கொடுங்கள். முனையத்தில் க்னோம்-எக்ஸ்டென்ஷன்ஸ் கட்டளையால் நீட்சியின் நிலை என்ன என்று பாருங்கள். ஜர்னல்சிடிஎல் வழியாக க்னோம் ஷெல்லின் பதிவில் பிழை ஏதாவது விழுகிறதா என்று பாருங்கள். நீட்சிகள் தனி நிரலாக ஓடுவதில்லை, ஷெல்லுக்குள்ளேயே ஓடுகின்றன. அவற்றின் புலம்பலும் அங்கேதான் பதிவாகும். மூன்றாவதாக, செயலி திறக்கும் உலாவிப் பக்கத்தின் முகவரியில் போர்ட் எண் என்ன?

■ ஏடுகாப்பான்

நீட்சியின் நிலை: செயலில் இருக்கிறது. பதிவில் பிழை எதுவும் இல்லை. முகவரி 127.0.0.1:41873. அமைப்புகள் பக்கத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

■ நெறியாளர்

படத்தை நீக்கிவிட்டேன். அதில் ஏபிஐ சாவி (மற்ற நிரல்கள் சிங்க்திங்கை இயக்கக் காட்டும் கடவுச்சொல் போன்றது) முழுவதும் தெரிந்தது. பக்கம் 127.0.0.1-இல் மட்டுமே காதுகொடுப்பதால் வெளியிலிருந்து யாரும் உடனே நுழைந்துவிட முடியாது. ஆனாலும் அந்தச் சாவி வைத்திருப்பவர் கோப்புறைகளைச் சேர்க்கலாம், நீக்கலாம், புதிய கருவியை இணைக்கலாம். அதே அமைப்புகள் பக்கத்தில் புதிய சாவி உருவாக்கும் பொத்தான் இருக்கிறது, அழுத்திவிட்டுச் சேமியுங்கள்.

■ கல்தச்சன்

41873 என்ற எண்ணே பாதி விடை.

சிங்க்திங்கின் உலாவிப் பக்கம் வழக்கமாக 8384-இல் இருக்கும். முதல்முறை ஓடும்போது, அமைப்புக் கோப்பு எதுவும் இல்லையென்றால், அது புதிதாக ஒன்றை எழுதும். அந்த நேரத்தில் 8384-ஐ வேறு யாராவது பிடித்துக்கொண்டிருந்தால், காலியாக உள்ள ஏதோ ஒரு போர்ட்டைத் தேர்ந்து அதைக் கோப்பில் பதித்துவிடும். பிறகு எப்போதும் அதுதான். ஆக, உங்கள் ஃபிளாட்பேக் செயலி முதன்முதலில் கண்விழித்தபோது 8384-இல் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டெபியன் பொதியிலிருந்து நிறுவிய பழைய சிங்க்திங்தான். அதன் பயனர் சேவை (உள்நுழைந்ததும் பின்னணியில் தானாக ஓடுவது) இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது நீட்சியின் பக்கம் வாருங்கள். இவ்வகை நீட்சிகள் உங்கள் முகப்புக் கோப்புறையில் சிங்க்திங் வழக்கமாக இருக்கும் இடங்களில் அமைப்புக் கோப்பைத் தேடி, அதிலிருந்து முகவரியையும் சாவியையும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே கிடைப்பது பழைய சிங்க்திங்கின் கோப்பு. ஃபிளாட்பேக் செயலி தன் கோப்புகளை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. நீட்சி அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு நம் வீட்டில் தண்ணீர் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரிபார்க்க எளிய வழி: உலாவியில் 127.0.0.1:8384 என்று தனியாகத் திறங்கள். இரண்டு பக்கங்களிலும் இந்தக் கருவியின் அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

■ ஏடுகாப்பான்

திறந்தேன். இன்னொரு சிங்க்திங் பக்கம் வந்தது. அடையாள எண் முற்றிலும் வேறு. நீட்சியில் தெரியும் பட்டியல் அப்படியே அங்கே இருக்கிறது. நண்பர் கணினி அதில் இடைநிறுத்தப்பட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய பக்கத்தில் இருக்கும் ‘இதழ்கள்’ கோப்புறையும் புதிய பக்கத்தில் இருக்கும் ‘இதழ்கள்’ கோப்புறையும் வட்டில் ஒரே இடத்தையே காட்டுகின்றன.

■ மின்மினி

மற்றதையெல்லாம் விடுங்கள். முதலில் பழைய சேவையை நிறுத்துங்கள். சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் பயனர் சேவைகளுக்கான தெரிவைக் கொடுத்து, சிங்க்திங் சேவையை முடக்குங்கள். உடனே நிறுத்தும் தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த மறுதொடக்கம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நீட்சியில் உள்ள சொடுக்கியை வைத்து நிறுத்தினால் போதாது. அடுத்த உள்நுழைவில் திரும்ப எழுந்துவிடும்.

ஒரே கோப்புறையை இரண்டு சிங்க்திங்குகள் பங்குபோட்டால் நடப்பது இது: ஒன்று எழுதும் கோப்பை மற்றது உள்ளூர் மாற்றம் என்று கருதித் தன் கணக்கில் பதிவு செய்யும். இரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தளம், தனித்தனி அடையாளம். மற்ற கணினிகளின் பார்வையில் இவை இரண்டு வேறு கருவிகள். ஒரு படத்தைச் சுழற்றிச் சேமித்து, உடனே இன்னொரு முறை திருத்தினால் மோதல் பிரதி (முரண்படும் இரண்டு வடிவங்களில் ஒன்றை வேறு பெயரில் வைக்கும் கோப்பு) பிறக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

கோப்புறையில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்று பெயருக்குள் வரும் கோப்புகள் இருக்கின்றனவா? இருந்தால், பெயரில் நாள், நேரம், அவற்றுக்குப் பின் ஏழு எழுத்துகள் இருக்கும். அந்த ஏழும் கோப்பைக் கடைசியாக மாற்றிய கருவியின் அடையாள எண்ணில் வரும் முதல் ஏழு.

■ ஏடுகாப்பான்

பழைய சேவையை முடக்கிவிட்டேன்.

மோதல் பிரதிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அந்த ஏழு எழுத்துகள் பழைய பக்கத்தின் அடையாள எண்ணோடு பொருந்துகின்றன. இத்தனை நாளும் நண்பர்தான் கோப்புகளைத் தொட்டுக் குழப்புகிறார் என்று நினைத்திருந்தேன். பாவம் அவர்.

ஆனால் சில இடங்களில் மோதல் பிரதி என்ற பெயரே இல்லாமல் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிகின்றன. ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயர் இரண்டு முறை எப்படி வரும்?

■ நூலேணி

கண்ணுக்குத்தான் ஒரே பெயர். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் வந்து இடிப்பார்கள்.

‘கொ’ என்பதில் வரும் ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக எழுதலாம். அல்லது கொம்பை ஒரு குறியீடாகவும் காலை இன்னொரு குறியீடாகவும் அடுத்தடுத்து எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. வட்டில் பைட்டுகள் வேறு, ஆகவே கோப்புகளும் வேறு. ‘கோ’, ‘கௌ’ வரிசைகளுக்கும் இதே கதை. சில பழைய விசைப்பலகை நிரல்களும் எழுத்துரு மாற்றிகளும் இரண்டாம் வகையைத் தள்ளிவிடும்.

யூனிகோட் விதிப்படி இவ்விரண்டும் சமம். சிங்க்திங்கில் பெயர்களைத் தானே சீராக்கும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். லினக்ஸில் பிரித்து எழுதிய பெயரைச் சேர்த்து எழுதிய பெயராக மாற்றிவிடும். ஆனால் சேர்த்து எழுதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன்மேல் கைவைக்காது. குறியாக்க மோதல் என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அப்படி விடப்பட்ட கோப்பு வேறெந்தக் கணினிக்கும் போகாது. உங்கள் இரட்டைகளில் சில அந்த வகையாக இருக்கலாம்.

சீராக்கத்துக்கும் அடங்காத ஒரு வகை உண்டு. ‘பௌர்ணமி மலர்’ என்று ஔகாரக் குறியோடு எழுதுவதும், கொம்புக்குப் பின் ளகரத்தைத் தட்டி ‘பெளர்ணமி மலர்’ என்று எழுதுவதும் யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டு வேறு சொற்கள். எந்த நிரலும் இவற்றை ஒன்றாக்காது. கையால்தான் திருத்த வேண்டும். எங்கள் நூலகப் பட்டியலிலும் இது ஒரு தீராத தலைவலி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் எல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 85 குறியீடுகள். ‘கொ’ என்பதே இரண்டு குறியீடு. மோதல் பிரதிக்குச் சிங்க்திங் சேர்க்கும் ஒட்டு 38 பைட் பிடிக்கும். இதழின் பெயர், மலர், இதழ் எண், மாதம், ஆண்டு, சிறப்பிதழின் தலைப்பு என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் பழக்கம் இருந்தால், மோதல் பிரதி எழுதும் நேரத்தில் ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழை வரும். பெயரைச் சுருக்கி, விவரங்களைத் தனி அட்டவணையில் வையுங்கள்.

■ வேம்பு

இவ்வளவு நேரம் படித்தும் எனக்குப் புரியாதது ஒன்றுதான். இந்த வேலைக்கு ஃபிளாட்பேக் எதற்கு?

ஒத்திசைக்கும் செயலிக்கு வேலையே உங்கள் கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும். முகப்புக் கோப்புறை முழுவதையும் திறந்துவிட்டால்தான் அது வேலை செய்யும் என்றால் அந்தச் சாண்ட்பாக்ஸ் வெறும் பெயருக்குத்தான். முகப்பில் எழுத அனுமதி உள்ள எந்த நிரலும் உங்கள் பாஷ் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு, அடுத்த முறை முனையம் திறக்கும்போது வெளியே வந்துவிடலாம். பாதுகாப்பும் இல்லை, நீட்சியும் ஒத்துழைக்கவில்லை, போர்ட்டும் மாறிக்கிடக்கிறது. எதற்கு இந்தக் கூத்து?

2-ஆம் பதிப்பு வேண்டும் என்ற காரணமும் நிற்காது. 1.29-உம் 2-உம் ஒன்றோடொன்று நன்றாகவே பேசும். 2025 ஆகஸ்டில் வந்த 2.0-இல் பெரிய மாற்றம் தரவுத்தளம்தான். லெவல்டிபி போய் எஸ்க்யூலைட் வந்தது. அது அந்தந்தக் கணினியின் உள்விவகாரம். அப்படியும் புதியதுதான் வேண்டும் என்றால், சிங்க்திங் திட்டமே டெபியனுக்கு ஏபிடி களஞ்சியம் நடத்துகிறது. அதைச் சேர்த்தால் சேவை, நீட்சி, சொடுக்கி எல்லாம் தானாக வேலை செய்யும்.

■ கல்தச்சன்

வேம்பு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஏபிடி களஞ்சியம்தான் குறைந்த உழைப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அதையே சொல்வேன்.

மற்ற பாதியை ஏற்க மாட்டேன். முகப்பு முழுவதையும் திறந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீலில் அந்தச் செயலியைத் தேர்ந்து, முகப்பு அனுமதியை எடுத்துவிட்டு, ‘இதழ்கள்’, ‘அட்டைப்படங்கள்’ என்ற இரண்டு கோப்புறைகளை மட்டும் சேர்க்கலாம். அப்போது பாஷ் தொடக்கக் கோப்பு அதன் கண்ணுக்கே படாது. இணையத்திலிருந்து வரும் தரவை நாள் முழுதும் வாங்கிப் பிரித்துக்கொண்டிருக்கும் நிரல் இது. அதன் கைக்கு எட்டுவதைக் குறைப்பதில் பொருள் இருக்கிறது.

அப்படி எடுத்தால் ஒரு கவனம் தேவை, ஏடுகாப்பான். அனுமதி இல்லாத முகப்புப் பாதையை உலாவிப் பக்கத்தில் தட்டினால், சாண்ட்பாக்ஸுக்குள் அது தற்காலிக நினைவகத்தில்தான் உருவாகும். கோப்புகள் வந்து இறங்குவதுபோலவே தெரியும். செயலியை மூடினால் எல்லாம் போய்விடும். புதிய கோப்புறை சேர்க்கும்போதெல்லாம் முதலில் ஃபிளாட்சீல், பிறகுதான் சிங்க்திங்.

இனி நீட்சி. பலர் ஃபிளாட்பேக்குக்குள் இருக்கும் 127.0.0.1 வேறு, வெளியே இருக்கும் 127.0.0.1 வேறு என்று நினைத்துப் போர்ட்டைக் கடத்தும் வழி தேடி அலைகிறார்கள். டாக்கரின் வழக்கமான அமைப்பில் அது உண்மை. ஃபிளாட்பேக்கில் பிணைய அனுமதி கொடுத்தால் கணினியின் பிணையத்தையே செயலி பகிர்ந்துகொள்கிறது. தனிப் பிணையம் கிடையாது. நீங்கள் உலாவியில் பக்கத்தைத் திறக்க முடிவதே அதற்குச் சான்று. நீட்சியும் அதே வழியில்தான் போகப்போகிறது. பிரிந்து கிடப்பவை கோப்புகள் மட்டுமே.

ஆகவே தானாகத் தேடும் தெரிவை நீட்சியின் அமைப்பில் அணைத்துவிட்டு, முகவரியையும் ஏபிஐ சாவியையும் கையால் கொடுங்கள்.

■ ஏடுகாப்பான்

பழைய சேவை போனதும் நீட்சி சாம்பல் நிறமாகிவிட்டது. எதிர்பார்த்ததுதான். 8384 இப்போது காலியாக இருப்பதால் செயலியின் அமைப்பில் உலாவிப் பக்கத்தின் முகவரியை 127.0.0.1:8384 என்று மாற்றினேன். நீட்சியில் தானாகத் தேடுவதை அணைத்து அதே முகவரியைக் கொடுத்தேன். சாவிப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு சாவி இருந்தது, அதை அப்படியே விட்டேன். இப்போது ஷெல் பதிவில் 403 என்று விழுகிறது.

■ கல்தச்சன்

403 நல்ல செய்தி. முகவரி சரி, ஆள் சரி, சாவிதான் தப்பு. நீட்சி ஒவ்வொரு கேள்வியோடும் சாவியை ஒரு தலைப்பு வரியாக அனுப்புகிறது. பெட்டியில் இருந்தது பழைய சிங்க்திங்கின் சாவியாக இருக்கும். நெறியாளர் சொன்னபடி புதிதாக உருவாக்கியதை ஒட்டுங்கள்.

சாவிக்காகக் கோப்புகளைத் துழாவ வேண்டாம். அமைப்புகள் பக்கத்திலேயே இருக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றால், உலாவிப் பக்கத்தின் ‘பற்றி’ சாளரத்தில் பாதைகள் என்ற பகுதி எல்லாவற்றையும் காட்டும். ஊகிக்காமல் அதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் வந்த 1.27-இலிருந்து சிங்க்திங் லினக்ஸில் புதிதாக நிறுவும்போது தன் கோப்புகளை ‘கான்ஃபிக்’ கோப்புறையில் வைக்காமல் ‘லோக்கல்’ என்பதற்குள் உள்ள ‘ஸ்டேட்’ கோப்புறையில் வைக்கிறது. பழைய இடத்தில் ஏற்கெனவே இருந்தால் அங்கேயே தொடர்கிறது. ஃபிளாட்பேக் வேறு, இவை அனைத்தையும் முகப்பில் மறைந்துள்ள ‘வார்’ கோப்புறைக்குள் செயலியின் பெயரில் தனியாக வைக்கிறது. ஒரே கணினியில் மூன்று நான்கு இடங்களில் அமைப்புக் கோப்புகள் கிடக்கலாம்.

யாராவது ‘சிம்லிங்க் (வேறிடத்துக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுவிடு’ என்று யோசனை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். செயலியின் அமைப்புக் கோப்பை வழக்கமான இடத்துக்கு இணைத்தால் நீட்சி அதைக் கண்டுபிடித்துவிடும், உண்மைதான். ஆனால் டெபியன் பொதி இன்னும் நிறுவப்பட்டிருந்தால், என்றாவது அது எழுந்து அதே அமைப்பைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். சான்றிதழ் கோப்புகள் அங்கே இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். கருவியின் அடையாள எண் அந்தச் சான்றிதழிலிருந்துதான் வருகிறது. மறுபடியும் ஒரே கோப்புறை, இரண்டு அடையாளம். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) இன்னும் மோசம். சிங்க்திங் அமைப்பைச் சேமிக்கும்போது புதிய கோப்பாக எழுதிப் பெயர் மாற்றி வைக்கும், உங்கள் இணைப்பு பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

■ கடலோடி

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். இதே செயலி, ஃபெடோராவில். என் புகைப்படங்கள் வெளி வட்டில் இருக்கின்றன. உலாவிப் பக்கத்தில் பாதையைச் சரியாகத்தான் தட்டுகிறேன். கோப்புறையின் பாதை இல்லை என்கிறது. கோப்பு மேலாளரில் வட்டு கண்ணெதிரே இருக்கிறது. சில நாட்களில் வேலை செய்தபோதும் கோப்புறைக் குறி இல்லை என்று நின்றுவிடுகிறது. அந்தக் குறியை நானே உருவாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று எங்கோ படித்தேன்.

■ மின்மினி

கடலோடி, அந்தக் குறியை உருவாக்காதீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

‘எஸ்டிஃபோல்டர்’ என்ற அந்த மறைந்த கோப்புறை, ‘இது உண்மையான இடம்தான், வட்டு ஏற்றப்பட்டிருக்கிறது’ என்பதற்கான அடையாளம். வட்டு ஏற்றப்படாத நேரத்தில் அந்தப் பாதையில் வெற்றுக் கோப்புறைதான் இருக்கும். குறி இல்லாததால் சிங்க்திங் ‘நான் தொடமாட்டேன்’ என்று நிற்கிறது. அந்த வெற்று இடத்தில் நீங்கள் கையால் குறியை வைத்தால், எல்லாப் படங்களையும் நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு மற்ற கணினிகளிலும் அழிக்கச் சொல்லும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி அங்கே இயங்கவில்லை என்றால் திரும்பக் கிடைக்காது. சிங்க்திங் ஒத்திசைக்கும் கருவி, காப்புப்பிரதி எடுக்கும் கருவி அன்று.

பாதை தெரியாததற்குக் காரணம் ஃபிளாட்பேக் அனுமதி. முகப்பு அனுமதி மட்டும் இருந்தால் வெளி வட்டு சாண்ட்பாக்ஸுக்குள் தெரியாது. ஃபெடோராவில் வட்டுகள் ‘ரன் மீடியா’ என்பதன் கீழ் உங்கள் பயனர் பெயரில் ஏறும். ஃபிளாட்சீலில் அந்தப் பாதையைச் சேர்த்து, செயலியை முழுவதும் மூடித் திறங்கள். அனுமதிகள் செயலி தொடங்கும்போதுதான் படிக்கப்படுகின்றன. செயலி வட்டுக்கு முன் எழுந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

■ ஏடுகாப்பான்

புதிய சாவியை ஒட்டியதும் நீட்சி பச்சை. இந்த முறை ‘அட்டைப்படங்கள்’ பட்டியலில் இருக்கிறது. நண்பர் கணினியை இடைநிறுத்திப் பார்த்தேன், உலாவிப் பக்கத்திலும் நின்றது.

மிச்சம் ஒன்று. நீட்சியில் சிங்க்திங்கைத் தொடங்க, நிறுத்த ஒரு சொடுக்கி உண்டல்லவா, அது செயலியைத் தொடுவதே இல்லை. ‘நிறுத்து’ என்றால் எதுவும் நடப்பதில்லை. ‘தொடங்கு’ பக்கம் தள்ளிப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

■ மின்மினி

தள்ளாதீர்கள். அந்தச் சொடுக்கி செய்வதெல்லாம் சிங்க்திங் என்ற பயனர் சேவையைத் தொடங்குமாறு, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியிடம் கேட்பதுதான். நீங்கள் முடக்கியிருந்தாலும் சேவைக் கோப்பு இன்னும் இருக்கிறது. முடக்குவது என்றால் தானாகத் தொடங்காது என்றுதான் பொருள், யாராவது கேட்டால் எழும். டெபியன் பொதியை நீக்கிவிடுங்கள். அமைப்புக் கோப்புகளை மட்டும் சில வாரம் ஓர் ஓரமாக வைத்திருங்கள்.

■ கல்தச்சன்

சொடுக்கி வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வேண்டும் என்றால், அதே பெயரில் உங்கள் சொந்தப் பயனர் சேவைக் கோப்பு ஒன்றை எழுதலாம். முகப்பின் கான்ஃபிக் கோப்புறைக்குள் சிஸ்டம்டி, அதற்குள் யூசர். அங்கே வைக்கும் கோப்பு பொதியோடு வந்ததை மேலாதிக்கம் செய்யும்.

தொடக்க வரியில் ஃபிளாட்பேக் ரன், செயலியின் அடையாளம், அதன் இயல்பான சாளரத்துக்குப் பதிலாக உள்ளிருக்கும் சிங்க்திங் நிரலையே ஓட்டும் தெரிவு, உலாவியைத் திறக்காதே என்னும் தெரிவு. நிறுத்தும் வரியை மறந்துவிடாதீர்கள். ஃபிளாட்பேக் தான் ஓட்டும் நிரலைச் சிஸ்டம்டியில் தனி ஸ்கோப்புக்குள் (சேவைக்கு வெளியே உள்ள தனிக் குழு) நகர்த்திக்கொள்ளும் பழக்கம் உள்ளது. சேவையை நிறுத்தினாலும் நிரல் தப்பித்து ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபிளாட்பேக் கில் கட்டளையைவிட, கர்ல் வழியாகச் சிங்க்திங்கின் சொந்த ஏபிஐயில் உள்ள நிறுத்தும் முகவரிக்குச் சாவியோடு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்புவது மேல். தரவுத்தளத்தை ஒழுங்காக மூடிவிட்டு அடங்கும். சாவி அந்தக் கோப்பில் இருக்கும் என்பதால் உங்களைத் தவிர வேறு பயனர் படிக்க முடியாதபடி அனுமதியை இறுக்குங்கள்.

இதைச் செய்தால் செயலி உள்நுழைவில் தானாகத் தொடங்கும் தெரிவை அணைத்தாக வேண்டும். இல்லையென்றால் சேவை ஒன்று, செயலி ஒன்று என்று மறுபடியும் இரண்டு. சேவை வழியாகத் தொடங்கிய பிறகு ‘பற்றி’ சாளரத்தில் பாதைகள் முன்பிருந்தவையே என்று உறுதி செய்யுங்கள். சில உறைச் செயலிகள் சிங்க்திங்குக்குத் தனி இருப்பிடத்தைக் கொடுத்து ஓட்டுகின்றன.

இன்னும் ஒன்று. முதல் தொடக்கத்தில் 8384 மாறியதுபோல, பழையது 22000-ஐப் பிடித்திருந்ததால் ஒத்திசைவுக்கான போர்ட்டும் மாறியிருக்கும். அமைப்புகளில் இணைப்புகள் பகுதியில் காதுகொடுக்கும் முகவரியை இயல்புநிலைக்குத் திருப்புங்கள். உங்கள் தீச்சுவரில் 22000-க்குத் திறந்த வழி இனியாவது பயன்படும்.

■ ஏடுகாப்பான்

அந்த முகவரியில் உண்மையாகவே வேறு எண்தான் இருந்தது. மாற்றியதும் நண்பர் கணினியுடனான இணைப்பு ரிலே என்ற இடைச் சேவையகம் வழியாகப் போவது நின்று நேரடியாகிவிட்டது. வேகம் தெரிகிறது.

சேவைக் கோப்பும் எழுதினேன், சொடுக்கி இரு பக்கமும் வேலை செய்கிறது. மடிக்கணினியிலும் நண்பர் கணினியிலும் பழைய அடையாள எண்ணை நீக்கிவிட்டோம். மோதல் பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுழற்றிய படமா, சுழற்றாத படமா என்பது மட்டும்தான் வேறுபாடு. நூலேணி, ‘பெளர்ணமி’ எங்களிடமும் இருக்கிறது.

■ வேம்பு

வேலை செய்வதில் மகிழ்ச்சி. ஆனாலும் கணக்குப் பாருங்கள்: ஃபிளாட்சீலில் இரண்டு அனுமதி, கையால் எழுதிய சேவைக் கோப்பு, அதற்குள் ஒரு சாவி, நீட்சியில் அதே சாவி. ஏபிடியில் இவை எதுவும் இல்லை. சாவியை மாற்றினால் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும் என்று எங்காவது எழுதி வையுங்கள்.

■ ஏடுகாப்பான்

எழுதி வைத்துவிட்டேன். அடுத்த முறை கணினியைப் புதிதாக நிறுவும்போது உங்கள் வழிதான். இப்போதைக்கு ஓடுவதைத் தொடப்போவதில்லை.

■ கடலோடி

ரன் மீடியா பாதையைச் சேர்த்ததும் வட்டு தெரிந்தது. குறியை நான் உருவாக்கவில்லை, பழைய குறி வட்டிலேயே இருந்தது. இப்போது இன்னொன்று: பதிவில் கோப்புக் கண்காணிப்பு எல்லை பற்றி ஏதோ சொல்கிறது.

■ மின்மினி

கர்னல் 5.11-இலிருந்து அந்த எல்லை நினைவகத்தின் அளவைப் பொறுத்துத் தானாக உயர்கிறது. முன்பு 8192 மட்டுமே. உங்களிடம் பழைய சிஸ்சிடிஎல் கோப்பு (கர்னல் அமைப்புகளை மாற்றுவது) ஏதாவது அதைக் குறைத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிங்க்திங் ஆவணம் சொல்லும் எண் 204800. கண்காணிப்பு தோற்றாலும் கோப்புகள் விட்டுப்போகாது. மணிக்கு ஒருமுறை நடக்கும் முழு வருடலில் பிடிபடும், தாமதம் மட்டும்தான்.

■ நெறியாளர்

முதல் கேள்வி தீர்ந்ததாகக் குறித்துவிட்டேன். வெளி வட்டு பற்றிய பதிவுகளைத் தனி இழையாகப் பிரிக்கிறேன். கடலோடி, தொடர்ச்சியை அங்கே எழுதுங்கள்.